குசினியில் இருக்கும் கைவைத்தியம்: எதை, எப்படி, எவ்வளவு

மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தவுடன் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் படியேறும்போதே எந்த வீட்டில் என்ன வருத்தம் என்று தெரிந்துவிடும். ஒரு கதவுக்குப் பின்னால் கொத்தமல்லி வறுபடும். அடுத்ததில் உள்ளியும் மிளகும் தட்டிப்போட்ட இரசம் நுரைக்கும். கீழ்வீட்டுச் சிங்கள அன்ரி உரலில் இஞ்சி இடிக்கிற சத்தம் கேட்டால், அவருடைய பேரனுக்கு மறுபடி இருமல் என்று அர்த்தம்.

என் அம்மம்மா எதையும் அளந்ததில்லை. "ஒரு கை போடு" என்பார். அவருடைய கை எல்லா நாளும் ஒரே கைதான்; என்னுடையது அப்படி இல்லை. ஆகவே அவர் போட்டதைப் பலமுறை செய்துபார்த்துக் கரண்டிக் கணக்காக மாற்றி வைத்திருக்கிறேன். அம்மம்மாவிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. "மூண்டாம் நாளும் நிக்காட்டி டொக்டரிட்டப் போ." கைவைத்தியத்தைப் பற்றி எழுதும் பலர் அந்த வசனத்தை விட்டுவிட்டு மூலிகையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சலுக்கு அந்த மூன்றையும் இரண்டாகக் குறைக்க வேண்டிய ஊர் கொழும்பு. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கொத்தமல்லித் தண்ணி

தடிமன், உடல் நோ, லேசான காய்ச்சல் என்றால் இந்த நாட்டில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லார் வீட்டிலும் முதலில் அடுப்பில் ஏறுவது இதுதான். எளிமையான சாமான் என்பதாலேயே பலர் கெடுத்துவிடுகிறார்கள்.

1. இரண்டு மேசைக்கரண்டி முழுக் கொத்தமல்லியை எடுங்கள். கல்லும் தூசும் இருக்கும். சுளகில் புடைத்து, ஒருமுறை கழுவி வடியவிடுங்கள்.

2. வெறும் சட்டியில் குறைந்த நெருப்பில் வறுங்கள். மணம் எழும்பி, நிறம் சற்று மாறியதும் இறக்கிவிட வேண்டும். கறுத்தால் தண்ணி கைக்கும், மணமும் போய்விடும். கறித்தூளுக்கு வறுக்கிற அளவில் பாதி போதும்.

3. உரலில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். விதை இரண்டாக உடைந்தால் சரி. மாவாக அரைத்தால் வடிக்க முடியாமல் தொண்டையில் கரகரக்கும்.

4. பெருவிரலின் முதல் கணுவளவு இஞ்சியைத் தோலோடு கழுவி நசுக்குங்கள். விரும்பினால் ஐந்தாறு மிளகு.

5. நாலு கோப்பை தண்ணீரில் எல்லாவற்றையும் போட்டு, கொதி வந்ததும் நெருப்பைக் குறைத்து, இரண்டு கோப்பையாக வற்றும்வரை விடுங்கள். ஏறக்குறைய இருபது நிமிடம் பிடிக்கும். மணமெல்லாம் ஆவியாகப் போகாமல் மூடியை அரைவாசி மூடி வையுங்கள்.

6. வடித்து, சூடாக, ஒரு தடவைக்கு அரைக் கோப்பை. காலை, மாலை, படுக்கமுன் என்று மூன்று தடவை போதும்.

பனங்கட்டி அல்லது கித்துள் கருப்பட்டியை ஒரு சின்னத் துண்டாகக் கடித்துக்கொண்டு குடிப்பதுதான் ருசி. கரைத்துவிட்டால் அது இனிப்புத் தேத்தண்ணி மாதிரி ஆகிவிடும். அன்று அவித்ததை அன்றே முடியுங்கள். மிச்சத்தை அடுத்த நாள் சூடாக்கிக் குடிக்கும் சிக்கனம் வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்து, மண்சட்டி அல்லது சில்வர் பாத்திரம் பாவியுங்கள்.

வைத்தியர்கள் சொல்லும் கஷாயம் வேறு. அதில் எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றவைப்பார்கள், மருந்துச் சரக்கும் கூட இருக்கும். கடைகளில் 'பஸ்பங்குவ' என்று விற்கும் பொதியில் கொத்தமல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் என்று ஐந்து சரக்கு உண்டு. மரமஞ்சளைத்தான் சிங்களத்தில் வெனிவெல்கெட்ட என்பார்கள். அது கடும் கசப்பு. பொதியில் எழுதிய அளவை மீறாதீர்கள். கர்ப்பிணிகள் அதை எடுக்கவே வேண்டாம்.

இஞ்சியும் வேர்க்கொம்பும்

குசினிச் சாமான்களில் நான் அதிகம் நம்புவது இஞ்சியைத்தான். குமட்டலுக்கு இஞ்சி உதவுவதை ஆராய்ச்சிகளும் ஓரளவு காட்டியிருக்கின்றன. அம்மம்மாவுக்கு அந்தச் சான்று தேவைப்படவில்லை, எனக்குத் தேவைப்பட்டது. கண்டிக்குப் போகும் பஸ்ஸில் கடுகண்ணாவ வளைவுகளில் சத்தி வருகிறவர்கள், ஏறுவதற்கு அரைமணி முன்னர் இதைச் செய்துபாருங்கள். ஒரு அங்குலத் துண்டை மெல்லிய வட்டங்களாகச் சீவி, ஒரு கோப்பைக் கொதிநீர் ஊற்றி, பத்து நிமிடம் மூடிவைத்து, வடித்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். தேசிக்காய் நாலு சொட்டு விடலாம். வெறும் வயிற்றில் ஒரேயடியாகக் குடித்தால் நெஞ்செரிவு வரும்.

காய்ந்த இஞ்சிதான் வேர்க்கொம்பு, சுக்கு என்றும் சொல்வோம். இஞ்சிக்குக் காரம் கொடுக்கும் ஜிஞ்சரோல் என்ற பொருள் காயும்போது அதைவிட உறைப்பான சொகாவோல் ஆகிறது. வேர்க்கொம்பு பச்சை இஞ்சியைவிடக் கடுப்பாக இருப்பது அதனால்தான். ஒரு கோப்பைக்குக் கால் தேக்கரண்டித் தூள் தாராளம். "சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமும் இல்லை" என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டு கரண்டி கரண்டியாகப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பிறகு வயிற்றெரிவுக் குளிசை தேடுவதும் அவர்கள்தான்.

கர்ப்ப காலக் குமட்டலுக்குக் குறைந்த அளவில் இஞ்சி எடுப்பது வழக்கம். ஆனாலும் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளி மிளகு இரசம்

இது மருந்து என்று சொல்வதைவிட வருத்தக்காரரைச் சாப்பிடவைக்கும் வழி என்பதே சரி. தடிமனில் நாக்குச் செத்துப்போயிருக்கும்போது சோறு இறங்குவது இந்த இரசத்தோடுதான்.

ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி நற்சீரகம், ஒரு செத்தல் மிளகாய் எல்லாவற்றையும் வறுக்காமலே இடியுங்கள். கடைசியாக ஆறு பல் உள்ளியைத் தோலோடு போட்டு நசுக்குங்கள். நெல்லிக்காயளவு பழப்புளியை மூன்று கோப்பை தண்ணீரில் கரைத்து, கால் தேக்கரண்டி மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை சேர்த்து அடுப்பில் வைத்து, புளியின் பச்சை வாசம் போனதும் இடித்ததைப் போடுங்கள். நுரை கட்டி மேலே வரும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் அது இரசம் இல்லை, குழம்புக்கும் தண்ணிக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

உள்ளியை நசுக்கி ஐந்து பத்து நிமிடம் வைத்துவிட்டுச் சமைப்பது நல்லது. நசுங்கும்போதுதான் அதில் அலிசின் என்ற பொருள் உண்டாகிறது, உடனே சூட்டில் போட்டால் அது உண்டாகும் வழி அடைபட்டுவிடும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு எங்கள் வீடுகளில் சமைக்கும் பத்தியக் கறியிலும் இதே சரக்குத்தான்: கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி. மிளகாய்த்தூள் மட்டும் விலக்கு.

இரத்தம் உறையாமலிருக்க வாபரின் போன்ற குளிசை எடுப்பவர்கள், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் கறியிலும் இரசத்திலும் சேரும் உள்ளிக்குப் பயப்படத் தேவையில்லை. பச்சை உள்ளியைத் தினமும் விழுங்குவதும், இஞ்சிச் சாற்றை மருந்தாகக் குடிப்பதும் அவர்களுக்கு ஆகாது.

தொண்டைக்கும் இருமலுக்கும்

முதலில் உப்புத் தண்ணி. ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, நாளுக்கு மூன்று நாலு தடவை கொப்பளியுங்கள். சாதாரணத் தொண்டை நோவுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

இரவில் தூங்கவிடாத வறட்டு இருமலுக்குத் தேன். படுக்கமுன் ஒரு தேக்கரண்டியை மெல்ல நக்கி இறக்குங்கள். சின்ன வெங்காயம் இரண்டை நசுக்கிப் பிழிந்த சாற்றைத் தேனோடு கலந்து கொடுப்பது பழைய வழக்கம், அதில் வேலை செய்வது பெரும்பாலும் தேன்தான் என்பது என் எண்ணம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. நாக்கில் தொட்டு வைப்பதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து உடலைத் தளர்த்திவிடும் நஞ்சை உண்டாக்கும்.

கற்பூரவள்ளி இலை இரண்டை நெருப்பில் வாட்டிப் பிழிந்தால் ஒரு தேக்கரண்டிச் சாறு வரும். பெரியவர்களுக்குச் சளி கட்டியிருக்கும்போது அதைத் தேனில் குழைத்துக் கொடுக்கலாம்.

ஆவி பிடிப்பதில் ஒரு எச்சரிக்கை. வெறும் கொதிநீரே போதும், துளசியோ நொச்சியோ போட்டால் மணத்துக்கு நல்லது. ஆனால் கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்துப் போர்வை மூடுவது வேண்டாம். மேசையில் வைத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, முகத்தை ஒரு முழம் தள்ளி வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆவியே பிடிக்காதீர்கள். ஒரு தட்டுத் தட்டினால் தொடையெல்லாம் வெந்துவிடும்.

மஞ்சள்

மஞ்சள் பால் எல்லாருக்கும் தெரியும்: ஒரு கோப்பைப் பாலில் கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு சிட்டிகை மிளகுதூள், ஐந்து நிமிடம் மெல்லிய கொதி. மிளகு வெறும் அலங்காரமில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் உடலில் லேசில் சேராது. அது கொழுப்பில் கரையும், மிளகிலுள்ள பிப்பரின் இருந்தால் அதிகம் உறிஞ்சப்படும். பாலும் மிளகும் ஏன் சேர்ந்தன என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

அதைவிட முக்கியம், உங்கள் போத்தலில் இருப்பது மஞ்சள்தானா என்பது. 2020இல் இறக்குமதி நின்று விலை ஏறிய காலத்தில் அரிசிமா கலந்த மஞ்சள்தூள் எவ்வளவு விற்றது என்று கொழும்பில் சமைப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அன்றிலிருந்து மஞ்சள் துண்டாக வாங்கி, வெயிலில் காயவைத்து அரைப்பிக்கிறேன். பித்தப்பையில் கல் இருப்பவர்கள் மஞ்சளைக் கறியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வயிறு சரியில்லாதபோது

வாய்வு, சமிபாட்டுக் குறைவு என்றால் ஒரு தேக்கரண்டி நற்சீரகத்தை இரண்டு கோப்பை தண்ணீரில் ஐந்து நிமிடம் அவித்து, சாப்பாட்டுக்குப் பின் இளஞ்சூட்டில் குடியுங்கள். ஓமம் என்றால் அரைத் தேக்கரண்டி, அது உறைப்பு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஓமத் தண்ணியும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும்.

வயிற்றோட்டத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தைத் தயிரோடு விழுங்கச் சொல்வார்கள். வெந்தயத்தின் நார் தண்ணீரை இழுத்து ஊதிக் களிபோல ஆகும், அதனால் போக்கு இறுகலாம். அது இரண்டாவது வேலைதான். முதல் வேலை, போன தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பது. பாமசியில் ஜீவனிப் பொதி கிடைக்கும், அதில் எழுதிய அளவு தண்ணீரில் கரையுங்கள். நடுச்சாமத்தில் பாமசி பூட்டியிருந்தால், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. "மட்டம்" என்பதைக் கவனியுங்கள். குவித்துப் போட்ட உப்பு சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. கஞ்சித் தண்ணி, இளநீர், மோர் எல்லாம் அதற்கு மேலதிகம். மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை என்றால் வெந்தயத்தை மறந்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

வல்லாரையும் இலைக்கஞ்சியும்

நோய் வந்தபின் குடிப்பதற்கில்லை இது, வராமலிருக்கும்போது குடிப்பது. விடியற்காலையில் நடக்கப் போகிறவர்கள் வழியில் நின்று குடிக்கும் பச்சை நிறக் 'கொழக்கந்த' இதுதான். கீழ்வீட்டு அன்ரியிடம் நான் கற்ற முறை: கால் கோப்பைச் சிவப்பரிசியை மூன்று பல் உள்ளியோடு நாலு கோப்பை தண்ணீரில் குழைய வேகவையுங்கள். ஒரு பெரிய கைப்பிடி வல்லாரையை அரைக் கோப்பை தண்ணீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். கஞ்சியில் அரைக் கோப்பை தேங்காய் முதற்பால், உப்பு சேர்த்து ஒரு கொதி வந்தவுடன் இலைச்சாற்றை ஊற்றி, இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். அதற்கு மேல் விட்டால் பச்சை பழுப்பாகும், வாசமும் மாறும். வல்லாரைக்குப் பதில் பொன்னாங்காணி, முருங்கையிலை, கறிவேப்பிலை எதுவும் சரி.

வல்லாரைச் சம்பல் பச்சையாகச் சாப்பிடுவது என்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது. அது ஈரநிலத்தில் வளரும் செடி, அந்தத் தண்ணீரில் என்ன ஓடியது என்று நாம் பார்க்கவில்லை. வேரை வெட்டி, தண்டுகளைப் பிரித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி அலசுங்கள். வாபரின் எடுப்பவர்கள் இலைவகையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அவற்றிலுள்ள விற்றமின் கே அந்தக் குளிசையோடு மோதும்.

பாகற்காய்ச் சாறும் என் மாமாவும்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மாமாவுக்குச் சீனி வருத்தம். யாரோ சொன்னார்கள் என்று ஒரு காலை பாகற்காயை அடித்து ஒரு பெரிய கிளாஸ் குடித்தார். வழமையான குளிசையும் போட்டார். "சீனி குறையட்டும்" என்று பாணைச் சாப்பிடாமல் விட்டார். பதினொரு மணிபோல பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் வியர்த்து, கை நடுங்கி, நிற்கமுடியாமல் இருந்துவிட்டார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் சீனி போட்ட பிளேன் ரீ கொடுத்ததால் தப்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தபோதும் மானி 64 காட்டியது. 70க்குக் கீழே போனாலே குறைவு.

பாகற்காய் சீனியைக் குறைக்கக்கூடியது என்பதுதான் இங்கே சிக்கல். குளிசையும் அதையே செய்கிறது, இரண்டும் சேர்ந்தால் யார் அளவு பார்ப்பது? கறியாக, வறையாக வாரத்தில் இரண்டு தடவை தாராளமாகச் சாப்பிடுங்கள். சாறு குடிக்க விரும்பினால் உங்கள் டொக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊறவைத்த வெந்தயத்துக்கும் கறுவாத் தண்ணிக்கும் இதே விதிதான். கறுவா என்றால் மெல்லிய சுருள் சுருளாக இருக்கும் நம் நாட்டுக் கறுவாவை வாங்குங்கள். தடித்த ஒற்றைப் பட்டையாக வரும் கசியாவில் ஈரலைப் பாதிக்கக்கூடிய குமரின் அதிகம்.

பிலிங் காய், காமரங்கா இரண்டையும் சாறாக அடித்துக் குடிக்கவே வேண்டாம். அவற்றிலுள்ள ஒட்சலேற்று சிறுநீரகத்தை அடைத்து, ஆரோக்கியமாக இருந்தவர்களையும் வைத்தியசாலையில் சேர்த்திருக்கிறது. கறியில் இரண்டு பிலிங் போடுவது வேறு விசயம்.

பல்வலிக்குக் கராம்பு: ஒன்றை நோகிற பல்லருகே மெல்லக் கடித்து வையுங்கள், அதிலுள்ள யூஜினோல் கொஞ்சம் மரக்கவைக்கும். அந்த நேரத்துக்குள் பல் டொக்டரிடம் நேரம் எடுங்கள்.

கொழும்பில் காய்ச்சல் என்றால்

டெங்கு இருக்கும் ஊர் இது. அதனால்தான் மூன்றை இரண்டாக்கச் சொன்னேன். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் டொக்டரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூபன், டைகுளோபினாக் எதுவும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும்.

குசினியின் வேலை நீர்ச்சத்துத்தான்: கஞ்சி, இளநீர், ஜீவனி, பழச்சாறு. சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். சத்தி எடுத்தால் அது இரத்தமா பீற்றூட்டா என்று பிரித்தறிய முடியாது. பப்பாசி இலைச்சாறு குடித்தால் பிளேற்லெட் ஏறும் என்ற பேச்சு ஒவ்வொரு மழைக்கும் வரும். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே கவனமாக இருக்க வேண்டிய நேரம். "காய்ச்சல் விட்டுட்டுது, மல்லித்தண்ணி வேலை செஞ்சிட்டுது" என்று நிம்மதியாகப் படுக்கும் அந்த நாளில்தான் குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கலாம். கடும் வயிற்று நோ, ஓயாத சத்தி, முரசில் இரத்தம், குளிர்ந்த கைகால், மயக்கம், சலம் குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரவையுங்கள்.

எங்கே வாங்குவது, எதை வளர்ப்பது

உலர்ந்த சரக்குக்குப் புறக்கோட்டை கெபோஸ் லேன். மூலிகைக் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தச் சந்தில் கால் வைத்தவுடனே மணம் மூக்கில் ஏறும். எப்போதும் முழுச் சரக்காகக் கேளுங்கள். தூளில் எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வாங்கிய கொத்தமல்லியைக் கையில் தேய்த்தால் மணக்க வேண்டும், மணக்காதது பழசு. கடைக்காரர் சொல்லும் வைத்தியத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு வாருங்கள். நாட்பட்ட நோய்க்கு நாட்டு வைத்தியம் வேண்டும் என்றால் பொரளையில் அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. படித்த வைத்தியர்கள் பார்ப்பார்கள்.

பல்கனியில் அரைநாள் வெயில் விழுந்தால் கற்பூரவள்ளி, துளசி, கறிவேப்பிலை மூன்றும் வரும். கற்பூரவள்ளியை ஒரு தண்டு முறித்து நட்டாலே பிடிக்கும். வல்லாரைக்கு அகலமான தட்டுச் சாடியும் நிழலும் ஓயாத ஈரமும் வேண்டும். ரம்பையை மூலையில் வைத்து மறந்துவிடலாம்.

சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் மட்டும் மணலை நிரப்பிவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிட ஒரு கரண்டித் தண்ணீர் போதும். தடிமனுக்கு மருந்தாகத் துளசி வளர்த்த எங்கள் மாடி வீடொன்றில், சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பி கண்டுபிடித்ததும் அந்தத் துளசிச் சாடியின் தட்டில்தான்.